வென்ட்வொர்த் வுட்ஹவுஸ்: நிலக்கரி நாட்டு மாளிகையின் மீட்டெடுப்பும் வட்டார வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் ராதர்ஹாம் நகருக்கு அருகே அமைந்துள்ள வென்ட்வொர்த் வுட்ஹவுஸ், ஐரோப்பாவின் மிக நீண்ட முகப்புகளுள் ஒன்றைக் கொண்ட நாட்டுப்புற மாளிகையாகும். இரண்டு நூற்றாண்டுகள் சுற்றுவட்டார நிலமும் நிலக்கரியும் இம்மாளிகையைப் புரந்தன. 2017 முதல் இம்மாளிகையை மீட்டெடுத்து, அதன்வழி சுரங்கத்தொழில் மறைந்த வட்டாரத்திற்கு வேலையும் பயிற்சியும் பொதுவெளியும் வழங்கும் முயற்சி நடைபெறுகிறது. வருவாயின் திசை மாற்றப்படுகிறதா என்பதே இம்முயற்சியை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் என்பதை இக்கட்டுரை மாளிகையின் வரலாற்றுவழி நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வென்ட்வொர்த் வுட்ஹவுஸ், நாட்டுப்புற மாளிகை, நிலக்கரிச் சுரங்கம், எட்மண்ட் பர்க், தஞ்சாவூர், மரபுப் பாதுகாப்பு, வட்டார மீட்சி.

முன்னுரை

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை வெறும் குடியிருப்பன்று. குத்தகை நிலங்கள், காடுகள், கல்லுடைக்கும் குழிகள், சுரங்கங்கள் ஆகியவற்றின் வருவாய் வந்து சேரும் இடமாகவும், சுற்றியுள்ள ஊர்களின்மீது செலுத்தப்பட்ட அதிகாரத்தின் இருப்பிடமாகவும் அது விளங்கியது. இருபதாம் நூற்றாண்டில் இந்த அமைப்பு தளர்ந்தது. வேளாண் குத்தகை வீழ்ந்தது. உடையவர் இறந்தபின் வாரிசுகள் செலுத்த வேண்டிய வரி உயர்ந்தது. இரு உலகப் போர்களுக்குப்பின் பணியாளர் கிடைப்பது அரிதாயிற்று. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி இவ்வழிவைப் பொதுமக்கள் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரித்தானிய மரபைக் காப்பதற்கான ‘சேவ்’ என்னும் அமைப்பு தோன்றியது.

அக்காலத்தில் முன்வைக்கப்பட்ட வாதம் கலை, கட்டடக்கலை ஆகியவற்றின் இழப்பைப் பற்றியதாகவே பெரிதும் இருந்தது. மாளிகையைக் காப்பதனால் அதன் வாயிலுக்கு வெளியே வாழ்வோர்க்கு என்ன பயன் என்னும் வினா பின்னரே வலுப்பெற்றது. அவ்வினாவை ஆராய்வதற்கு வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் தக்க சான்றாகும். இங்கு மாளிகையின் செல்வமும், அதன் அழிவும், வட்டாரத்தின் வறுமையும் நிலக்கரி என்னும் ஒரே பொருளோடு பிணைந்துள்ளன.

மாளிகையும் அதன் வருவாயும்

1723இல் இப்பண்ணைக்கு உரிமையாளரான தாமஸ் வாட்சன்-வென்ட்வொர்த், முதலில் மேற்கு முகமாகச் செங்கல்லால் ஒரு மாளிகையை எழுப்பினார். அது நிறைவுறுமுன்பே, 1730களில், கிழக்கு முகமாக மற்றொரு பெரிய கட்டடத்தைத் தொடங்கினார். முதுகோடு முதுகாக இணைந்த இவ்விரு கட்டடங்களும் சேர்ந்தே இன்றைய மாளிகையாகும். ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட் பொறுப்பேற்று உருவாக்கிய கிழக்கு முகப்பின் நீளம் 606 அடி. அறைகளின் எண்ணிக்கை 300க்கும் மேற்பட்டது. 1746இல் தாமஸ், ராக்கிங்ஹாம் மார்க்விஸ் என்னும் பட்டம் பெற்றார். அவருடைய மகன் சார்லஸ், இரண்டாம் மார்க்விஸாக, 1765–66இலும் 1782இலும் பிரித்தானியப் பிரதமராக இருந்தார். இம்முகப்பின் பெருமிதம் ஓர் அரசியல் அணியின் தலைமையகத்திற்கு உரியது.

1782இல் சார்லஸ் வாரிசின்றி இறந்ததும், பண்ணை அவருடைய சகோதரி மகனான நான்காம் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவைச் சேர்ந்தது. இதன்பின் நிலவருவாயோடு நிலக்கரி வருவாயும் பெருகியது. அருகிலுள்ள எல்சிகர் என்னும் ஊரில் சுரங்கங்களும் இரும்பாலைகளும் எழுந்தன. சுரங்கத்து நீரை இறைக்க 1795இல் அங்கு நிறுவப்பட்ட நியூகோமன் வகை நீராவிப் பொறி, உலகில் அவ்வகைப் பொறிகளுள் நிறுவிய இடத்திலேயே இன்றும் நிற்கும் ஒன்றாகும். தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளும் கட்டித் தரப்பட்டன. புரவலர் என்னும் முறையில் இக்குடும்பத்திற்குப் பிற சுரங்க உரிமையாளர்களைவிட நற்பெயர் இருந்தது. ஆயினும் வருவாயின் திசை ஐயத்திற்கு இடமின்றி ஊரிலிருந்து மாளிகைக்கே சென்றது. 1902இல் ஆறாம் பிரபு இறந்தபோது விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 28 லட்சம் பவுண்டு என்று குறிக்கப்படுகிறது.

இவ்வமைப்பின் இரு முகங்களும் 1912 ஜூலையில் ஒருசேர வெளிப்பட்டன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் வென்ட்வொர்த் வுட்ஹவுஸில் தங்கியிருந்த நாள்களில், அதே வட்டாரத்தின் கேட்பி சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்புகளில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அச்சுரங்கம் ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் விருந்து நடந்த மாளிகையும் துயரம் நிகழ்ந்த குழியும் ஒரே நிலக்கரிப் படுகையின்மீது அமைந்திருந்தன.

தமிழகத் தொடர்பு

இம்மாளிகையின் அரசியல் வரலாறு தமிழகத்தையும் தொடுகிறது. 1765இல் ராக்கிங்ஹாம் பிரதமரானபோது எட்மண்ட் பர்க் அவருடைய தனிச்செயலரானார். இறுதிவரை அவ்வணியின் சிந்தனையாளராக விளங்கினார். 1773இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் தஞ்சாவூரைக் கைப்பற்றின. சென்னை ஆளுநராக மீண்டும் வந்த பிகட் பிரபு 1776இல் மன்னர் துளஜாவிடம் ஆட்சியைத் திரும்ப ஒப்படைத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்து, தஞ்சை வருவாயையே ஈடாகப் பெற்றிருந்த ஆங்கிலேயர்க்கு இது பேரிழப்பாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆட்சிக்குழுவின் பெரும்பான்மையினர் பிகட்டைக் காவலில் வைத்தனர். 1777இல் அவர் காவலிலேயே இறந்தார். இப்பூசலில் ராக்கிங்ஹாம் அணி பிகட்டின் பக்கம் நின்றது. பர்க் குடும்பத்தோடு நெருங்கியவரான வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவரானார். எனவே அணியின் நிலைப்பாடு முற்றிலும் பற்றற்றது என்று கொள்வதற்கில்லை.

1785 பிப்ரவரி 28 அன்று பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் குறித்து நாடாளுமன்றத்தில் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். அப்போது அவர் மால்டன் தொகுதியின் உறுப்பினர். அத்தொகுதி வென்ட்வொர்த் உரிமையாளரான ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவின் செல்வாக்கிற்கு உட்பட்டது. அவ்வுரையில் கர்நாடகப் பகுதியின் ஏரிகளைப் பற்றி விரிவாகப் பேசிய பர்க், அவற்றை மக்களின் நலன் கருதிய ஆட்சியாளர்களின் கொடையாகக் காட்டினார். போரினால் பாழ்பட்ட நாட்டின் வருவாய் அந்நாட்டின் நீர்நிலைகளைச் சீரமைக்கச் செலவாகாமல் கடன்கொடுத்தோரின் கைக்குச் செல்வதே அவருடைய குற்றச்சாட்டின் மையம்.

பர்க்கின் கடிதங்களுள் பெரும்பகுதி வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் ஆவணத் தொகுதியில் இடம்பெற்று, இன்று ஷெஃபீல்டு நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளது. எனினும் இங்குக் கருதத்தக்கது ஆவணத் தொடர்பு மட்டுமன்று. ஓர் இடத்தின் வருவாய் அவ்விடத்தைத் தாங்கும் அமைப்புகளுக்குத் திரும்புகிறதா என்னும் வினாவைப் பர்க் ஆர்க்காட்டை நோக்கி எழுப்பினார். அவ்வினாவை அவருடைய புரவலர்களின் மாளிகையை நோக்கியும் எழுப்ப இயலும். பின்வரும் பகுதிகள் அதனையே அளவுகோலாகக் கொள்கின்றன.

1946: அகழப்பட்ட பூங்கா

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாளிகையை இராணுவத்தின் உளவுப்படைப் பிரிவு பயன்படுத்தியது. போருக்குப்பின் நாட்டில் கடும் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியது. தொழிற்கட்சி அரசின் எரிபொருள் அமைச்சர் எமானுவேல் ஷின்வெல், 1946இல் வென்ட்வொர்த் பூங்காவைத் திறந்தவெளிச் சுரங்கமாக்க ஆணையிட்டார். மரங்கள் வீழ்த்தப்பட்டன, தோட்டங்கள் அகழப்பட்டன, மேற்கு முகப்பின் வாயிலருகே வரை மண்ணும் கல்லும் மலைபோல் குவிக்கப்பட்டன. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு அந்நிலக்கரி தரம் குன்றியது என்று கூறியும் பணி நிற்கவில்லை. இச்செயலை நாட்டின் தேவை என்று அமைச்சர் நியாயப்படுத்தினார். பிரபுக் குடும்பத்தின்மீதான வர்க்கப் பகை என்று மற்றொரு சாரார் கருதினர்.

இந்நிகழ்வில் வரலாற்றாய்வுக்கு முதன்மையானது சுரங்கத் தொழிலாளர்களின் நிலைப்பாடு. யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜோ ஹால் இத்திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்துப் பிரதமர் கிளமெண்ட் அட்லியிடம் முறையிட்டார். வேலைநிறுத்த எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. இதனைப் பிரபுவிடம் கொண்ட விசுவாசம் என்று மட்டும் விளக்குவது போதாது. சுரங்கப் புகையும் கழிவுக்குன்றுகளும் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்தோர்க்கு அப்பூங்கா உலாவுவதற்குக் கிடைத்த பசும்பரப்பு. சட்டத்தின்படி அது பிரபுவின் உடைமை; பயன்பாட்டின்படி அதில் தமக்கும் பங்குண்டு என்று அவர்கள் கருதினர். சுரங்கங்கள் 1947 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையாக்கப்படுவதை வரவேற்ற சங்கமே பூங்காவின் அழிவை எதிர்த்தது முரணன்று. இரண்டு நிலைப்பாடுகளும் அந்நிலத்தின்மீது தொழிலாளர்க்கு உரிமை உண்டு என்னும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை.

கல்லூரிக் காலமும் தனியார் காலமும்

எட்டாம் பிரபு 1948இல் விமான விபத்தில் இறந்தார். மாளிகை இடிக்கப்படக்கூடும் என்ற நிலையில், ஏழாம் பிரபுவின் சகோதரியும் தொழிற்கட்சியைச் சார்ந்தவருமான மேபல் சீமாட்டியின் முயற்சியால் வெஸ்ட் ரைடிங் மாவட்டக் கழகம் அதனைக் குத்தகைக்கு எடுத்தது. 1949 முதல் அங்குப் பெண்களுக்கான உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவர் பெயரால் நடைபெற்றது. மண்டபங்கள் உடற்பயிற்சிக் கூடங்களாயின. மாளிகை பொதுப்பயனுக்குத் திறக்கப்பட்ட முதற்கட்டம் இதுவே. கல்லூரி பின்னர் ஷெஃபீல்டு நகரப் பாலிடெக்னிக்குடன் இணைக்கப்பட்டது. பராமரிப்புச் செலவைத் தாங்க இயலாமல் 1980களின் இறுதியில் அந்நிறுவனம் வெளியேறியது.

அதே பத்தாண்டில் வட்டாரத்தின் அடித்தளமும் தகர்ந்தது. எல்சிகர் சுரங்கம் 1983இல் மூடப்பட்டது. 1984 மார்ச்சில், வென்ட்வொர்த்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடும் அறிவிப்பே ஓராண்டு நீடித்த பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பொறியாயிற்று. வேலைநிறுத்தம் தோற்றது, கார்ட்டன்வுட் 1985இல் மூடப்பட்டது. ராதர்ஹாம் எல்லையில் எஞ்சியிருந்த மால்ட்பி சுரங்கம் 2013இல் மூடப்பட்டபோது அங்கு நிலக்கரித் தொழில் முடிவுற்றது. சுரங்கத்தோடு தொழிற்பயிற்சி, கூலி, சங்கம், பொழுதுபோக்குக் கழகம் என அதைச் சார்ந்த வாழ்க்கையும் சிதைந்தது.

மாளிகை 1989இல் தனியார் கைக்குச் சென்று, பின்னர்க் கடன் காரணமாக வங்கியின் வசமாயிற்று. 1999இல் கட்டடக் கலைஞர் கிளிஃபோர்ட் நியூபோல்ட் அதனை வாங்கிச் சீரமைக்க முயன்றார். ஆழச் சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து கட்டடம் விரிசலுற்றதாகக் கூறி, நிலக்கரி ஆணையத்திடம் அவர் குடும்பம் 100 மில்லியன் பவுண்டு அளவிலான இழப்பீடு கோரியது. 2016இல் தீர்ப்பாயம் இக்கோரிக்கையை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே நியூபோல்ட் இறந்திருந்தார். தனியொருவரின் செல்வத்தாலோ இழப்பீட்டாலோ இம்மாளிகையைக் காக்க இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று.

2017க்குப் பிந்தைய மீட்டெடுப்பு

‘சேவ்’ அமைப்பின் முன்முயற்சியால் உருவான வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் பாதுகாப்பு அறக்கட்டளை, 2017 மார்ச்சில் 7 மில்லியன் பவுண்டு விலைக்கு மாளிகையை வாங்கியது. தேசிய மரபு நினைவு நிதியம் இதற்குப் பெருந்தொகை அளித்தது. வாங்கிய விலையைவிடச் சீரமைப்புச் செலவே பன்மடங்கு மிகுதி. அது அப்போது ஏறத்தாழ 42 மில்லியன் பவுண்டு என மதிப்பிடப்பட்டது. 2016 நவம்பரில் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட் அவசரப் பழுதுகளுக்கென 7.6 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார். ஜேன் ஆஸ்டின் புதினத்தில் வரும் பெம்பர்லி மாளிகைக்கு இதுவே முன்மாதிரி என்று கூறப்படுவதையும் அவர் சுட்டினார். ஆஸ்டின் ஆய்வாளர்கள் அக்கூற்றை ஏற்கவில்லை. பொதுப்பணத்தை நியாயப்படுத்த இலக்கியப் புகழ் துணைக்கு அழைக்கப்பட்டதும், அம்மாளிகையை எழுப்பிய வட்டார உழைப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டதும் நோக்கத்தக்கவை.

2018இல் கூரைப்பணி தொடங்கியது. கற்பலகைகளும் ஈயத்தகடுகளும் மாற்றப்பட்டன. மழைநீர் ஒழுகிச் சிதைந்த மரச்சட்டங்கள் சீராக்கப்பட்டன. பணி நடைபெறும்போதே சாரத்தின்மீது பொதுமக்கள் ஏறிக் கூரையைக் காணும் ஏற்பாடு செய்யப்பட்டது. தலைமுறைகளாக மாளிகையைத் தொலைவிலிருந்து மட்டுமே கண்ட ஊரார், கல்தச்சரும் கூரைவேலையாளரும் செய்யும் பணியை அருகிருந்து காண முடிந்தது. வட்டாரத் தன்னார்வலர்கள் வழிகாட்டுதல், தோட்டப்பணி, ஆவணத் தேடல் ஆகியவற்றில் பங்கேற்கின்றனர். அவர்களோடு வரும் சுரங்கக் குடும்ப நினைவுகளும் மாளிகையின் கதைக்குள் இடம்பெறத் தொடங்கியுள்ளன.

அடுத்த கட்டமாகக் கமீலியா இல்லம் தேசிய லாட்டரி மரபு நிதியத்தின் துணையோடு சீரமைக்கப்பட்டு, 2024இல் தேநீர் அருந்தும் இடமாகத் திறக்கப்பட்டது. தேயிலையின் இனத்தைச் சேர்ந்த பழமையான கமீலியாச் செடிகள் அங்குத் தப்பிப் பிழைத்துள்ளன. ஜான் கார் வடிவமைத்த பெரிய குதிரை லாயத் தொகுதியை நிகழ்ச்சிகள், உணவுத்தொழில், விருந்தோம்பல் பயிற்சி, சிறுதொழில் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவது அறக்கட்டளையின் திட்டம். திருமண நிகழ்ச்சிகளும் திரைப்படப் படப்பிடிப்புகளும் நடைமுறை வருவாயைத் தருகின்றன.

ஓர் ஒப்பீடு: டம்ஃப்ரீஸ் மாளிகை

மாளிகையின்வழி வட்டார மீட்சி என்னும் கருத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுவது ஸ்காட்லாந்தின் எயர்‌ஷயர் பகுதியிலுள்ள டம்ஃப்ரீஸ் மாளிகை. ஆதம் சகோதரர்களின் வடிவமைப்பில் 1750களில் எழுந்த அதுவும் சுரங்கங்கள் மூடப்பட்ட கம்னாக் வட்டாரத்தில் உள்ளது. 2007இல், சிப்பண்டேல் அறைகலன்கள் ஏலத்திற்காக லண்டனுக்குப் புறப்பட்ட நிலையில், அப்போதைய இளவரசர் சார்ல்ஸ் தலைமையிலான கூட்டமைப்பு மாளிகையையும் நிலத்தையும் 45 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அதில் 20 மில்லியன் பவுண்டு அவருடைய அறநிறுவனம் பெற்ற கடன். அருகில் வீடுகள் கட்டி விற்று அக்கடனை அடைக்கும் எண்ணம், 2008இன் நிதி நெருக்கடியால் தடுமாறியது. பெருங்கொடையாளர்களின் நன்கொடைகளே துணைநின்றன. சமையல், கட்டடத் தொழில், தோட்டக்கலை ஆகியவற்றில் இளைஞர்க்குப் பயிற்சி அளிக்கும் நிலையமாக அது வளர்ந்துள்ளது.

இரு முயற்சிகளுக்கும் நோக்கம் ஒன்றே, அடித்தளம் வேறு. டம்ஃப்ரீஸில் அரச குடும்பத்தின் செல்வாக்கு நிதியை விரைந்து ஈர்த்தது. ஆனால் ஊரின் மீட்சி ஒரு புரவலரின் விருப்பத்தைச் சார்ந்ததாகவும் ஆயிற்று. வென்ட்வொர்த்தில் அத்தகைய புரவலர் இல்லை. பணி மெல்ல நடக்கிறது. ஆயினும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் பொதுப்பயனை மெய்ப்பித்தே நிதி பெற வேண்டியிருப்பதால், ஊர்நலன் திட்டத்தின் உள்ளேயே வைக்கப்படுகிறது.

முயற்சியின் வரம்புகள்

வட்டார மீட்சி என்னும் சொல்லை மிகைப்படுத்தாமல் கையாளுதல் வேண்டும். முதலாவதாக, மாளிகையும் நிலமும் இன்று ஒருவர் கையில் இல்லை. அறக்கட்டளைக்கு உரியது மாளிகையும் ஏறத்தாழ 80 ஏக்கர் நிலமும் மட்டுமே. வென்ட்வொர்த் ஊரும் பரந்த பண்ணையும் தனி நிர்வாகங்களின்கீழ் உள்ளன. முற்காலத்தில் மாளிகையைத் தாங்கிய குத்தகை வருவாய் இப்போது அதற்கு இல்லை. இரண்டாவதாக, சுற்றுலாவும் விருந்தோம்பலும் தரும் வேலைகள் சுரங்கவேலைக்கு ஈடாகா. சுரங்கம் ஆயிரக்கணக்கானோர்க்கு நிலையான கூலி தந்தது. மாளிகையின் வேலைகள் எண்ணிக்கையில் குறைந்தவை, பருவத்தைச் சார்ந்தவை. மூன்றாவதாக, அரச நிதி ஒருமுறை கிடைக்கும் மூலதனமாகவே வருகிறது. கூரை வேய நிதி கிடைப்பினும் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அதனைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் வருவாய் தேவை. கல்லூரிக் காலம் முடிவுற்றது இக்குறையினாலேயே.

மீட்டெடுப்பினால் கிடைக்கும் பயன்களுள் நீடிக்கத்தக்கது கைத்தொழில் திறன். கல்வேலை, ஈயவேலை, சுண்ணாம்புப் பூச்சு, மரபுத் தச்சு ஆகியவற்றில் தேர்ந்தவர் இங்கிலாந்தில் குறைந்து வருகின்றனர். நீண்டகாலம் நடைபெறும் சீரமைப்பு, அத்திறன்களைக் கற்பிக்கும் பட்டறையாகத் தன்னை அமைத்துக்கொண்டால், பயிற்சி பெற்றவர் வேறு இடங்களிலும் பிழைப்புத் தேடிக்கொள்ள இயலும். அத்திறன் மாளிகையின் வரவு செலவைச் சாராது ஊரில் தங்கும்.

முடிவுரை

வென்ட்வொர்த் வுட்ஹவுஸின் வரலாறு வருவாயின் திசை பற்றிய வரலாறாகும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலமும் நிலக்கரியும் மாளிகையை நோக்கிப் பாய்ந்தன. 1946இல் நாட்டின் பெயரால் அந்நிலமே அகழப்பட்டது. அப்போதும் ஊருக்குப் பூங்காவின் அழிவே கிடைத்தது. 1949இல் தொடங்கிய கல்லூரியும் 2017இல் தொடங்கிய மீட்டெடுப்பும் மாளிகையிலிருந்து ஊரை நோக்கிய திசையைத் திறந்தன. முன்னது நிதியின்றி நின்றது. பின்னதன் முடிவு இனித்தான் தெரியும்.

ஜோ ஹாலும் அவருடைய தோழர்களும் 1946இல் காக்க முயன்றது பிரபுவின் உடைமையை அன்று. தம் பயன்பாட்டில் இருந்த பொதுவெளியை. மாளிகையின் முகப்பு எவ்வளவு செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதைக் கொண்டு இன்றைய முயற்சியை அளத்தல் பொருந்தாது. ராதர்ஹாமின் இளைஞர் எத்தனை பேர் அங்குத் தொழில் கற்றனர், சுற்றுவட்டாரத்தார் எத்தனை பேர் அதனைத் தமதெனக் கருதி உள்நுழைகின்றனர் என்பவையே அளவைகளாதல் வேண்டும். ஏரியின் சிறப்பு அதன் கரையில் இல்லை, அது பாய்ச்சும் வயலில் உள்ளது என்பது தமிழ் நிலத்தின் பட்டறிவு. அவ்வேரிகளைக் கொண்டு வென்ட்வொர்த் அணியின் பேச்சாளர் 1785இல் எழுப்பிய வினா, இன்று வென்ட்வொர்த்தின் வாயிலிலேயே விடைக்காகக் காத்திருக்கிறது.